உங்கப்பா அன்று உள்ளே போகவில்லை

அன்புத் தம்பிக்கு,

எனக்கு வருஷத்தை எண்ணில் சொல்லத் தெரியாது. பெரிய தபால் ஆபீஸ் கூரை மழையில் இறங்கி, நனைந்த கடிதங்களைக் கொடிக்கயிறு கட்டி மூன்று நாள் காயப்போட்டார்களே, அந்த வருஷம். பாதையை அகலமாக்குகிறோம் என்று எட்டு மாதம் ரயிலே வராமல் போன வருஷம். பட்டப்பகலில் சூரியன் மறைந்து, கோழியெல்லாம் குழம்பிப் போய்க் கூண்டுக்குள் அடைந்த வருஷம். அந்த வருஷம்தான் ஆறு தரைப்பாலத்துக்கு மேலே போனது. உனக்கு அப்போது இருபத்தொரு வயது. கல்லூரியில் கடைசி வருஷம்.

நான் யாரென்று தெரிகிறதா? ரேடியோ நிலையத்து வாசலில் காக்கிச் சட்டையோடு ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பேனே, நீ சின்ன வயசில் வாய் நிறைய "கேட்டு மாமா" என்று கூப்பிடுவாயே, அந்த ஆள். இப்போது முதியோர் விடுதியில் இருக்கிறேன். கால் வீங்குகிறது, கண் மங்கல். ஞாபகம் மட்டும் போய்த் தொலைய மாட்டேன் என்கிறது.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பது உனக்குத் தெரியும். இதை எழுதிக் கொடுப்பவர் என் பக்கத்துக் கட்டில்காரர், ஓய்வு பெற்ற தபால்காரர். உன் விலாசம் அவருக்கு மனப்பாடம். உங்கப்பா உனக்குப் போட்ட கடிதங்கள் "வாங்க மறுத்தார்" என்று திரும்பி வந்தபோதெல்லாம் அவற்றை உங்கப்பா கையில் கொடுத்தவர் இவர்தான். பதினான்கு தடவை கொடுத்தாராம். உறையில் இருப்பது உங்கப்பா கையெழுத்து இல்லை, அதனால் நீ பிரிப்பாய் என்கிறார். பிரித்துவிட்டாய் என்றால் தயவு செய்து கடைசிவரைக்கும் படித்துவிடு.

உங்கப்பாவைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் அந்த நிலையம் எப்படி இருந்தது என்று சொல்கிறேன். இல்லாவிட்டால் உனக்குப் புரியாது.

மொத்தம் ஆறு பேர் இருந்தோம். மேனேஜர், உங்கப்பா, இன்ஜினியர், பாட்டுத் தட்டுகளைப் பார்த்துக்கொள்ளும் அம்மா, பெருக்குகிற அம்மா, நான். ஊருக்குள் ஏதாவது காணாமல் போனாலோ, ஆஸ்பத்திரியில் ரத்தம் வேண்டுமென்றாலோ, தண்ணீர் வராது என்றாலோ, வாசலுக்கு வந்து என்னிடம்தான் சொல்வார்கள். நான் எங்கே எழுதுவது? மனசில் வாங்கிக்கொண்டு உள்ளே ஓடி உங்கப்பாவிடம் ஒப்பிப்பேன். ஒரே மூச்சில் பதினொன்று சொல்லியிருக்கிறேன், ஊர், தெரு, வீட்டு அடையாளத்தோடு. உங்கப்பா, "அண்ணே, நோட்டைத் திறங்க" என்று சிரித்துக்கொண்டே பேனாவை எடுப்பார். நான் தப்பாய்ச் சொன்னதே கிடையாது. ஒருநாள் அவர்தான் இரண்டு தாளை மாற்றி வாசித்துவிட்டார். "முதியவர் ஒருவரைக் காணவில்லை, வலது கொம்பு சற்று உடைந்திருக்கும், யாரையும் கிட்டே விடமாட்டார்" என்று போய்விட்டது. மறுநாள் அந்தப் பெரியவரின் மருமகள் வாசலுக்கு வந்து, சண்டைக்குத்தான் வந்திருக்கிறாள் என்று நான் எழுந்து நின்றால், "கொம்பைத் தவிர எல்லாம் சரியாத்தான் சொன்னீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அப்படி இருந்த இடம். உங்கப்பா சொன்னால் சொன்னதுதான். கடிகாரத்தை அவர் குரலை வைத்துத்தான் திருத்துவார்கள்.

பிறகு தலைநகரத்துக் கம்பெனி வாங்கியது. எங்களை மட்டும் இல்லை, ஆற்றோரத்தில் பதினோரு ஊர் நிலையங்களை ஒரே கையெழுத்தில் வாங்கினார்கள். பதினோரு ஊருக்கும் அதே பாட்டு, அதே சிரிப்பு, அதே காலை வணக்கம். பாட்டுத் தட்டு அம்மாவை முதலில் அனுப்பினார்கள். அப்புறம் பெருக்குகிற அம்மா. மேனேஜர் தானே போய்விட்டார். உங்கப்பாவை மட்டும் நான்கு நாள் உட்காரவைத்துப் பேச வைத்தார்கள். வெயில் நாளுக்கு ஒன்று, மழை நாளுக்கு ஒன்று, வெள்ள நாளுக்கு ஒன்று. நீங்கள் லீவு எடுக்கும் நாளில் போட என்றார்கள். அவரும் தொண்டைக்கு வெந்நீர் குடித்துக் குடித்துப் பேசிக் கொடுத்தார். ஐந்தாம் நாள், இனி நீங்கள் வர வேண்டாம் என்றார்கள்.

ஆனால் வெளியே சொல்லக் கூடாது. ஒவ்வொரு ஊர் நிலையத்திலும் அந்த ஊர் ஆள் ஒருத்தர் உட்கார்ந்து பேச வேண்டும் என்று சர்க்கார் சட்டமாம். அதனால் உங்கப்பா பேர் பதிவேட்டில் இருக்கும், குரல் ரேடியோவில் இருக்கும், ஆள் மட்டும் உள்ளே வரக் கூடாது. வாயை மூடிக்கொண்டிருந்தால் பாதிச் சம்பளம். உன் படிப்பு முடிய இன்னும் ஆறு மாதம் இருந்தது. அவர் கையெழுத்துப் போட்டார்.

உங்கள் வீட்டுக்குக்கூட அவர் சொல்லவில்லை. வழக்கம்போல இருட்டோடு எழுந்து, தேய்த்து மடிப்பு வைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு, சைக்கிளில் வருவார். ஜெனரேட்டர் கொட்டகையில் ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தேன். மத்தியானம்வரை அங்கேயே இருப்பார். உள்ளே அவர் குரல் ஓடும். வெளியே அவர் பேப்பர் படிப்பார். ஒருநாள் "அண்ணே, நான் பரவாயில்லாமத்தான் பேசறேன், இல்ல?" என்று கேட்டார். சிரித்தோம். இப்போது அதை நினைத்தால் சிரிப்பு வரவில்லை.

இன்னொன்று. தினமும் பதிவேட்டில் மூன்றாவது வரியில் ஒரு டிக் போட வேண்டும் என்று கம்பெனிக்காரர் எனக்குச் சொல்லியிருந்தார். எழுதத் தெரியாதவனுக்கும் டிக் போடத் தெரியும் இல்லையா? போட்டேன். அது உங்கப்பா வந்து வேலை பார்த்தார் என்பதற்கான டிக்.

நிலையத்தை அப்போது நடத்தியது யார் என்று நினைக்கிறாய்? நான்தான். உள் அறையில் ஒரு பெட்டி. அதில் மூன்று பொத்தான். மஞ்சள் என்றால் நல்ல நாள், நீலம் என்றால் மழை, சிவப்பு என்றால் ஆபத்து. மூன்றும் உங்கப்பா குரல்தான். காலை ஐந்தரைக்கு முன்னால் ஏதாவது ஒன்றை நான் அழுத்த வேண்டும். சிவப்பு என்றால் மட்டும் மேலிடத்தைப் போனில் கேட்டுவிட்டு. ஒருதரம் மேகத்தைப் பார்த்துப் பயந்து கேட்காமல் சிவப்பை அழுத்தினேன். அன்று ஆறு ஒரு சாண்கூட ஏறவில்லை. அரை மணி நேர விளம்பரம் நின்றுபோனதாம். போனில் ஒருத்தன், என் மகன் வயசுகூட இருக்காது, "யோவ், ஆறு என்ன உனக்கு மாமன் மச்சானா? இன்னொரு தடவை தொட்டே, மூட்டையைக் கட்டிக்க" என்றான். நிலையத்துக்குப் பின்னால் இருந்த ஓட்டு வீடுதான் எங்களுக்கு இருந்த ஒரே கூரை. என் வீட்டுக்காரி அப்போதே படுக்கை. அந்தப் பேச்சு என் முதுகில் உட்கார்ந்துவிட்டது. இதைச் சாக்காகச் சொல்லவில்லை, தம்பி. எது என்னை அழுத்தியது என்று சொல்கிறேன்.

அந்தக் காலை. உங்கப்பா வந்து கொட்டகையில் சைக்கிளை நிறுத்தினார். ஐந்து அடித்துக் கொஞ்ச நேரம். ஆற்றளவு பார்க்கிற சர்க்கார் ஆள் மூச்சிரைக்க வந்தார். மேலே அணையைத் திறந்துவிட்டார்கள், அரை மணியில் தரைப்பாலம் முழுகிவிடும், நான் கரையோரக் குடிசைகளை எழுப்பப் போகிறேன், பாலத்துப் பக்கத்தை நீங்கள் ரேடியோவில் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். எங்கள் இரண்டு பேரையும் பார்த்துத்தான் சொன்னார். உங்கப்பா இருக்கிறார், சொல்லிவிடுவார் என்ற நம்பிக்கையில் திரும்பிக்கூடப் பார்க்காமல் போனார்.

நான் மேலிடத்துக்குப் போன் போட்டேன். ஒரு பெண்ணின் குரல், காத்திருங்கள் என்றது. அப்புறம் பாட்டு. மறுபடி காத்திருங்கள். நிமிர்ந்து வானத்தைப் பார்த்தேன். ஒரு பொட்டு மேகம் இல்லை. விடிவெள்ளி பளிச்சென்று நிற்கிறது. மழை மலையில் பெய்தால் இங்கே வானம் அப்படித்தான் இருக்கும். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் வானத்தைப் பார்த்தேன்.

உங்கப்பா, "அண்ணே, சாவியைக் கொடுங்க. ஒரே நிமிஷம். பழைய மைக்கு அப்படியேதான் இருக்கு, மைக்குக்கு மாத்தற லிவரை நான் போட்டுக்கறேன்" என்றார். சாவி என் இடுப்பில் இருந்தது. நீங்கள் உள்ளே போகக் கூடாது என்று உத்தரவு சார் என்றேன். உங்கப்பா என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். என் ஆயுசில் என்னைக் கும்பிட்டவர் அவர் ஒருத்தர்தான். "உங்க பேர் வராம நான் பார்த்துக்கறேன்ணே" என்றார். நான் இடுப்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, கதவைத் திறந்து, உள்ளே போய், உள்பக்கம் தாழ் போட்டுக்கொண்டேன்.

காதில் போன். போனில் பாட்டு. முள் ஐந்தரையை நெருங்குகிறது. தினமும் போகிற விரல் தினமும் போகிற இடத்துக்குப் போனது. மஞ்சள்.

"வணக்கம். ஆறு அமைதியாக ஓடுகிறது. தரைப்பாலம் திறந்திருக்கிறது. நிதானமாகப் போய் வாருங்கள்."

உங்கப்பா வாசலில் நின்று அதைக் கேட்டார். வாசலுக்கு மேலே ஒலிபெருக்கி இருந்ததே, அதில். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தன் குரல் பேசுவதை அண்ணாந்து பார்த்துக்கொண்டு ஒரு நொடி நின்றார். அடுத்த நொடி சைக்கிளை எடுத்துக்கொண்டு பாலத்தைப் பார்த்துப் பறந்தார். மூன்று கிலோமீட்டர்.

மில்லுக்கு ஆள் ஏற்றிப் போகிற வேன் அதற்குள் பாலத்தில் இறங்கிவிட்டது. அதில் தப்பித்த பெண் பின்னால் சொன்னது உனக்கு நினைவிருக்கும். டிரைவர் கரையில் வண்டியை நிறுத்தித் தண்ணீரைப் பார்த்து யோசித்தானாம். வண்டி ரேடியோவில் உங்கப்பா குரல் வந்ததும், "சாரே சொல்லிட்டாரு, அப்புறம் என்ன" என்று கியரைப் போட்டானாம். அவனோடு சேர்த்து ஏழு பேரை ஆறு கொண்டுபோயிற்று. அதில் ஒருத்தி உன் கூட்டாளியின் அக்கா. அவள் கையால் நீ எத்தனை நாள் சாப்பிட்டிருப்பாய். பாடையின் ஒரு முனையை நீ தூக்கினாய். நானும் பார்த்தேன், தெருமுனையில் நின்று. கிட்டே வரவில்லை.

உங்கப்பா நெஞ்சளவு நனைந்து கரையில் நின்றபோது, "போங்கன்னு சொல்லிட்டு, போறாங்களான்னு பார்க்க வந்துட்டாரு" என்று கூட்டத்தில் ஒருத்தர் சொன்னாராம். நான் பேசவில்லை, அது மெஷின் என்று அவர் கத்தினாராம். "இருபது வருஷமா கேக்கற குரல், எங்களுக்குத் தெரியாதா?" என்று அவர் முகத்துக்கு நேரேயே கேட்டார்கள். ஆள் நிற்கிறான், அவனைவிட அவன் குரலை நம்பினார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

இங்கே தபால்காரர் பேனாவை வைத்துவிட்டார். "விசாரணையில் தவறு நேர்ந்துவிட்டது" என்று எழுதட்டுமா என்று கேட்டார். நேரவில்லை ஐயா, செய்தேன், செய்தேன் என்றே போடும் என்றேன்.

மில் கூடத்தில் விசாரணை நடந்ததே, நீ மூன்றாவது பெஞ்சில் உன் கூட்டாளி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய். அதற்கு முந்தின நாள் மத்தியானம் கம்பெனிக்காரர் என் வீட்டுக்கு வந்தார். என் வீட்டுக்காரியின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, உடம்பு எப்படி இருக்கிறது அம்மா என்று விசாரித்தார். சாகும்வரை இந்த வீடு உங்களுக்குத்தான் என்றார். நாளைக்கு நாலே வார்த்தை சொன்னால் போதும் என்று சொல்லிக் கொடுத்தார். எனக்கு மனப்பாடம் சொல்லியா தர வேண்டும்?

மெஷினைப் பொருத்திக் கொடுத்த கையோடு இன்ஜினியரைக் கம்பெனி வேறு ஊருக்கு மாற்றியிருந்தது. ஆற்றளவுக்காரர் எழுந்து, நான் வாசலில் போய்ச் சொன்னேன், அறிவிப்பாளரும் கூடத்தான் நின்றார் என்று சொன்னார். அவர் சொன்னது சத்தியம். அந்தச் சத்தியமே உங்கப்பாவுக்கு எமனாகப் போனது. ஆபத்து என்று தெரிந்தும் போகச் சொல்லியிருக்கிறார் என்று ஆகிவிட்டது. அதிகாரி உங்கப்பாவிடம், அது உங்கள் குரலா என்று கேட்டார். அவர், "குரல் என்னுடையதுதான். மீதியை வாசல்ல இருந்தவரைக் கேளுங்க" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஒரு துளி சந்தேகம் இல்லை, தம்பி. நோட்டைத் திறங்க என்று சொல்வாரே, அதே முகம்.

நான் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். சார் ஐந்து மணிக்கு வந்தார். நான் வாசலில் இருந்தேன். கதவைத் திறந்தேன். அவர் உள்ளே போனார்.

நான்கில் மூன்று உண்மை. அதை வைத்துத்தான் இத்தனை வருஷம் சோறு தின்றேன். மூன்று உண்மையாயிற்றே என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். கம்பெனிக்காரர் பதிவேட்டைப் பிரித்து டிக்குகளைக் காட்டினார். நான் கட்டை விரலை மையில் தோய்த்துத் தாளில் வைத்தேன். தலை நிமிர்ந்தபோது உங்கப்பா என்னைப் பார்க்கவில்லை. உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நீ எழுந்தாய். "நான் கேட்டேன்பா. ஷேவ் பண்ணிக்கிட்டே நானே கேட்டேன்" என்று சொல்லிவிட்டு வெளியே போனாய். அந்த வாரமே ஊரை விட்டும் போனாய்.

அவருக்கு ஒன்பது மாதம் சிறை. கம்பெனிக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டு வருஷத்தில் அதைவிடப் பெரிய கம்பெனி அதை விழுங்கியது. இப்போது நம் ஊருக்கென்று ரேடியோவே கிடையாது. கட்டடத்தில் யாரோ மூட்டை அடுக்கியிருக்கிறார்கள். எனக்குச் சாகும்வரை என்ற வீடு பதினோரு வருஷத்தில் போயிற்று. அதற்கு முன்னாலேயே என் வீட்டுக்காரி போய்விட்டாள். அவளிடம் ஒருமுறை எல்லாவற்றையும் சொன்னேன். அதற்கப்புறம் அவள் என் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்கவில்லை. பக்கத்து வீட்டு அம்மாவைக் கூப்பிடுவாள்.

உன் அம்மாவின் தகனத்துக்கு நீ வந்ததையும், கொள்ளி வைத்துக் குளித்த ஈரம் காய்வதற்குள் உங்கப்பா முகத்தைப் பாராமல் வண்டி ஏறியதையும் சொன்னார்கள். நான் வரவில்லை. வர எனக்கு எந்த முகம்?

இத்தனை வருஷம் இல்லாமல் இப்போது ஏன் என்று கேட்பாய். போன மாதம் எங்கள் விடுதி டாக்டரிடம் ரத்த அழுத்தம் பார்க்க வெளி ஆட்களும் வந்தார்கள். வரிசையில் உங்கப்பா. முடி முழுக்க வெளுத்து, சட்டை மட்டும் அதே மடிப்பு. நான் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவர் வந்து என் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்தார். திட்டுவார், துப்புவார், எதுவாக இருந்தாலும் வாங்கிக்கொள்வோம் என்று கண்ணை மூடிக்கொண்டேன். "அண்ணே, காலு ரொம்ப வீங்கியிருக்கே, காட்டினீங்களா?" என்றார். அவ்வளவுதான். அவர் முறை வந்ததும், முதலில் இவரைப் பாருங்கள் என்று என்னை எழுப்பி உள்ளே அனுப்பினார். அன்று நான் எந்தக் கதவைச் சாத்தினேனோ, தம்பி, அதைச் சொல்லக்கூட எனக்கு வாய் கூசுகிறது.

என்னை மன்னிக்கச் சொல்லி இதை எழுதவில்லை. அது உன் வேலையும் இல்லை. என்மேல் வழக்குப் போட வேண்டுமானால் போடு, இந்தக் கடிதமே சாட்சி, கீழே என் கட்டை விரல் இருக்கிறது. தபால்காரரும் கையெழுத்துப் போடுவார். உன் கூட்டாளிக்கு ஒரு நகல் அனுப்பச் சொல்லியிருக்கிறேன். அவன் அக்காவை அனுப்பியது நான் என்று அவனுக்கும் தெரிய வேண்டும்.

நீயும் உன் பிள்ளைகளும் நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும். உனக்குப் பிள்ளைகள் இருக்கிறார்களா என்றுகூட எனக்குத் தெரியாது. உங்கப்பாவுக்கும் தெரியாது. நான் கேட்பது ஒன்றுதான். ஒரு தடவை வந்து போ. நாள் பார்க்காதே, லீவு கிடைக்கட்டும் என்று இருக்காதே.

அந்த நிலையத்து ஆட்களையும், அது மெஷின் என்று தெரிந்த மற்றவர்களையும் இன்று காலை விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். மேனேஜர் மஞ்சள் காமாலையில் போனார். பாட்டுத் தட்டு அம்மா மகள் வீட்டில், தூக்கத்திலேயே. பெருக்குகிற அம்மா காய்ச்சலில். இன்ஜினியர் லாரி மோதி. கம்பெனிக்காரருக்கு மாரடைப்பு, பேப்பரில் படம் வந்ததாம். என் வீட்டுக்காரி என் பக்கம் முதுகைத் திருப்பிப் படுத்தபடியே. என்னை எண்ணாதே, நான் அந்தக் கூடத்திலேயே செத்தவன். மில்லுக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டி இருக்கிற தெரு, தையல் கடை மாடியில் ஒற்றை அறை, படி செங்குத்து, பார்த்து ஏறு. அங்கே உயிரோடு மிச்சம் இருப்பவர் உங்கப்பா ஒருத்தர்தான்.